கோழி யாருடையது?



கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்க: "அண்ணே, இந்தக் கோழியெல்லாம் யாருது?"

"கம்பெனியோடது" என்பார்.

கொட்டகை அவருடையது. கரண்டு பில், தண்ணி, ராத்திரிக் கண்விழிப்பு எல்லாம் அவருடையது. ஆனால் குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. 40 நாள் வளர்த்ததும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். இவருக்கு மிஞ்சுவது கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. சொந்த நிலத்திலேயே கூலியாள்! அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லி ஒப்பந்தப் பண்ணையாளர்கள் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம்.

அதோடு இன்னொரு வழியையும் பேசுவோம். அது நம்ம புதுக்கோட்டை வீட்டு வாசலிலேயே இருக்கு.

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் சிறுவிடைக் கோழி தானே மேயப் போகும். புழு, கரையான், புல், சிந்தின தானியம் என்று தீவனத்தில் ஒரு பங்கை அதுவே தேடிக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் கூட்டுக்குத் திரும்பிவிடும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னை சாய்ந்ததை மறக்க முடியுமா? மறுபடி வைத்த கன்று காய்க்க வருஷக் கணக்கில் காத்திருக்கணும். அதே தோப்பில் மேயும் நாட்டுக்கோழி நாலைந்து மாதத்தில் கறிக்கு வந்துவிடும்.

கணக்குப் பார்ப்போம். 50 குஞ்சு விட்டு 40 தேறினால், ஒன்று ஒன்றரைக் கிலோ வீதம் 60 கிலோ. கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலும் 24,000 ரூபாய். குஞ்சு, தீவனம், மருந்துச் செலவு போக மீதி வீட்டுப் பெண்கள் கையில். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

ஆனால் 40 தேறணுமே! அங்கேதான் சிக்கல். பருந்து, கீரிப்பிள்ளை ஒன்றிரண்டைத் தூக்கும். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடே காலி. வந்த பிறகு மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றுதான் காவல். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஓர் ஊசி. அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் போடுவதில்லை? அந்த மருந்துக் குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போடுகிற அளவில் வருகிறது. ஐஸில் வைத்துக் கொண்டு வரணும், கலக்கினால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும். 15 கோழி வைத்திருக்கும் அக்கா தனியாக வாங்கி என்ன செய்வார்?

கால்நடைத் துறை ஆண்டுதோறும் தடுப்பூசி முகாம் நடத்துவது நல்லது. ஆனால் குஞ்சு பொரிப்பது ஆண்டுக்கு ஒரு தடவை இல்லையே! அரசு 250 கோழிப் பண்ணைக்கு 50 விழுக்காடு மானியம் தருகிறது. மீதிப் பாதியைப் போடப் பணமும், கொட்டகை போட இடமும் இல்லாத குடும்பம் எங்கே போகும்?

அதனால் நாம் கேட்பது மூன்று:

1. ஊராட்சிதோறும் மாதம் ஒரு நாள் கோழித் தடுப்பூசி.
2. மகளிர் குழுக்கள் நடத்தும் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிப்பகம், ஒன்றியத்துக்கு ஒன்று.
3. காய்கறிக்கு உழவர் சந்தையில் இடம் இருப்பது போல, நாட்டுக்கோழிக்கும் இடைத்தரகர் இல்லாத விற்பனை இடம்.

அரசு செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை: உங்கள் தெருவில் கோழி வைத்திருக்கும் பத்து வீட்டைச் சேருங்க. கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்க. கோழி கூட்டை விட்டு இறங்கும் முன் ஒரு விடியற்காலையில் எல்லா வீட்டுக்கும் போட்டு முடிச்சிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களைப் புதுக்கோட்டையில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துக்கு அனுப்பி வையுங்க.

அடுத்த தடவை "கோழி யாருது?" என்று கேட்டால், "என்னோடது" என்று நம்ம ஊர் அக்கா தங்கச்சிங்க சொல்லணும்!

#நாட்டுக்கோழி #புதுக்கோட்டை #வளர்ப்பவருக்கே_உரிமை