நாமே செய்வோம்: வீட்டுக்குள் ஒரு பெட்டகம்



ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது நம்மில் பலர் கலியாணப் படங்களையும் பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். இங்கு வந்தபின் சேர்த்த படங்கள், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, வதிவிட அனுமதிக் கடிதம் எல்லாம் இப்போது ஒரு கைத்தொலைபேசிக்குள் கிடக்கின்றன. அது தொலைந்தால்? மாதாமாதம் காசு கட்டி வெளியாரின் கணனியில் வைக்கலாம். வீட்டிலேயே வைக்கவும் வழி உண்டு.

'ராஸ்பெரி பை' என்பது வங்கி அட்டையளவு பலகையில் அமைந்த முழுக் கணனி. பிள்ளைகள் கணனி பழகவேண்டும் என்ற நோக்கோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2012 பெப்ரவரி 29 இல் விற்பனைக்கு வந்தது. 5 வாட் அளவில் வருடம் முழுவதும் ஓடினாலும் ஏறத்தாழ 44 யூனிற் மின்சாரந்தான்.

2019 இல் வந்த 4 ஆம் இலக்கப் பலகை, 2 ஜி.பி. நினைவகத்துடன் போதும். அதற்கென்றே விற்கும் 15 வாட் மின்னிணைப்பி, 32 ஜி.பி. மைக்ரோ எஸ்.டி. அட்டை, ரூட்டரோடு இணைக்கும் வயர், ஒரு யு.எஸ்.பி. சேமிப்புத்தட்டு ஆகியவையும் வேண்டும். பழைய தொலைபேசி சார்ஜரைக் கொடுத்தால் மின்சாரம் போதாமல் பலகை தடுமாறும்.

வேறொரு கணனியில் 'ராஸ்பெரி பை இமேஜர்' என்ற இலவச மென்பொருளால் அட்டையில் இயங்குதளத்தை எழுதுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், தூர இருந்து கட்டளையிடும் 'எஸ்.எஸ்.எச்.' வசதி எல்லாவற்றையும் அங்கேயே அமைக்கலாம். பலகை ஓடத் தொடங்கியதும் முதலில் புதுப்பியுங்கள். பின்பு 'சம்பா' என்ற மென்பொருளை நிறுவுங்கள். சேமிப்புத்தட்டில் உள்ள ஒரு கோப்புறையை வீட்டுத் தொலைபேசிகளுக்கெல்லாம் பொதுவாக்குவது அதுதான். ஆங்கிலக் கட்டளைகளைக் கண்டு பயப்படவேண்டாம். ஓ.எல்.லோடு படிப்பை விட்ட நானே கொப்பியில் எழுதிவைத்து ஒவ்வொன்றாகத் தட்டித்தான் பழகினேன்.

மூன்று விடயங்களை மறக்கவேண்டாம்.

ஒன்று: வேலைத்தலத்தில் மெசினை நிறுத்த ஒரு ஒழுங்கு இருப்பதுபோல் இதற்கும் உண்டு. நிறுத்தும் கட்டளை கொடுக்காமல் வயரைப் பிடுங்கினால் அட்டையில் உள்ளவை பழுதாகலாம்.

இரண்டு: வெளியிலிருந்து பார்க்கும் ஆசையில் ரூட்டரில் வாசல் திறந்துவிடாதீர்கள். திறந்த வாசலைத் தேடி அலைபவர்கள் இணையத்தில் நிறைய. பழகும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

மூன்று, இதுதான் முக்கியம்: பெட்டகத்தில் வைத்துவிட்டோமென்று தொலைபேசியில் அழித்தால் மறுபடியும் ஒரே பிரதிதான். மூன்று மாதத்துக்கொருமுறை இன்னொரு தட்டில் பிரதியெடுத்து, நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். நெருப்பும் திருட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வருவது அரிது. மூலக் கடிதங்களையும் எறியவேண்டாம்.

ஒருமுறை இழந்தவர்கள் நாம். பிள்ளைகளுக்காவது மிச்சம் இருக்கட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.