பிக்னிக் கோஷ்டியும் பஞ்சரத்னமும்

மக்களே, ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கிற விஷயம் ஒண்ணு. இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி, அதனால சண்டைக்கு வர்றேன்.

நம்ம பொட்டி தட்டுற நண்பர்கள் ஆன்சைட் போனா ஆகஸ்ட் மாசம் மியூனிக்ல ஒரு வாடகைக் கார் எடுப்பாங்க. கண்ணாடியில ஆஸ்திரியா நெடுஞ்சாலை ஸ்டிக்கரை ஒட்டிக்கிட்டு நேரா சால்ஸ்பர்க். அங்கே 1920லேர்ந்து கோடை இசை விழா நடக்குது. காலையில மோசார்ட் பிறந்த வீடு, மத்தியானம் மலைக்கோட்டை, நடுவுல 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படம் எடுத்த இடங்கள், ராத்திரி கச்சேரி. திரும்பி வந்ததும் ஆல்பத்துக்கு வைக்கிற பேரு 'கலாச்சாரப் பயணம்'. ரொம்ப சந்தோஷம். நல்லா இருக்கட்டும்.

அதே மகராசன்கிட்ட, "ஜனவரியில வேன் பிடிச்சு திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போறோம், அப்படியே பெரிய கோயில், தாராசுரம் எல்லாம் பார்த்துட்டு வரலாம்னு இருக்கோம்"னு சொல்லிப் பாருங்க. முகம் எட்டு கோணலாப் போகும். "அது என்ன பிக்னிக் ஸ்பாட்டா? சங்கீதத்துக்குன்னு போறவன் ஊர் சுத்துவானா?"

ஏன் சாமி, ஆல்ப்ஸ் மலைப் பக்கம் செஞ்சா கலாச்சாரம், காவிரிக் கரையில செஞ்சா பிக்னிக்கா?

சரி, ஊர் சுத்துறது சங்கீதத்துக்கு ஆகாதுன்னே வச்சுப்போம். அப்போ முதல் குற்றவாளி தியாகராஜரேதான். அவர் லால்குடி போனார், லால்குடி பஞ்சரத்னம் வந்தது. கோவூர் போனார், கோவூர் பஞ்சரத்னம் வந்தது. ஸ்ரீரங்கத்துக்கும் ஒரு அஞ்சு உண்டு. அடுத்த குற்றவாளி முத்துஸ்வாமி தீட்சிதர். இவர் கீர்த்தனைகள்ல பாதி, ஸ்தல விவரத்தை ராகத்துல போட்டுக் கொடுத்த மாதிரிதான். இன்ன ஊர், இன்ன சாமின்னு சுத்திக் காட்டாம விடமாட்டார்.

அதுக்கும் பல நூறு வருஷம் முன்னாடி பார்த்தா அப்பர், சம்பந்தர், சுந்தரர். பாடல் பெற்ற தலங்கள்னு ஒரு பட்டியல் இருக்கே, 276ன்னு கணக்கு சொல்வாங்க, அது என்ன? ஊர் ஊராப் போய், அந்த ஊரைப் பார்த்து, அங்கேயே பாடினதோட பட்டியல்தானே. கயிலாயம் போகணும்னு கிளம்பின அப்பர், ஒரு குளத்துல முங்கி திருவையாத்துல எழுந்தார்ங்கிறது கதை. அப்போ பாடின பதிகத்துல என்ன இருக்குன்னு தெரியுமா? யானை, கோழி, குயில், அன்னம், மயில்னு சோடி சோடியாப் பார்த்ததைத்தான் வரிசையாச் சொல்லியிருக்கார். கண்ணு பார்த்ததைத்தான் வாய் பாடியிருக்கு. இதுல நீங்க கண்ணை மூடிக்கிட்டு காதை மட்டும் கூட்டிட்டு வான்னா எப்படி?

இன்னொண்ணு. கச்சேரியை மட்டும் கேட்டுட்டுப் போறவங்க கண்ணுல சில விஷயம் படவே படாது. சமாதிக்கு எதிர்த்தாப்புல ஒரு அம்மா சிலையா உட்கார்ந்திருக்காங்க. பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). தேவதாசி குலத்துல பிறந்தவங்க. கவனிப்பார் இல்லாம கிடந்த சமாதிக்கு 1920கள்ல சொந்தக் காசு போட்டுக் கோயில் எழுப்பினாங்க. ஆனா அங்கே நடந்த ஆராதனையில பொம்பளைங்க பாடக்கூடாதுன்னு சொன்னாங்க. ஏற்கெனவே பெரிய கட்சி, சின்ன கட்சின்னு ரெண்டு கோஷ்டி. இந்த அம்மா பெண்களைச் சேர்த்துக்கிட்டு தனியா ஆராதனை நடத்தினாங்க. எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்தது 1940 வாக்குலதான். இன்னிக்கு ஆணும் பெண்ணும் ஒண்ணா உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு அஞ்சையும் பாடுறதை டிவியில பார்க்கிறோமே, அதுக்குப் பின்னாடி இந்தச் சண்டை இருக்கு. கொஞ்சம் சுத்திப் பார்த்தாத்தான் இது தெரியும். 'ரசிகன்னா யாரு'ன்னு வாசல்ல நின்னு பிரிச்ச பழைய வேலையைத்தான் பிக்னிக் கோஷ்டின்னு சொல்றவங்களும் செய்யுறாங்க, கொஞ்சம் நாசூக்கா.

எங்க ஊர் குஜிலியம்பாறை. மானாவாரி நிலம், முருங்கை, ஆடு. சபா கிடையாது. கச்சேரின்னா கோயில் திருவிழா, கல்யாணம், ரெண்டுலயும் நாதஸ்வரம் தவில். எங்க அப்பத்தா ஆராதனைக்கு வந்தது சங்கீதம் கேட்க இல்லை, ஐயாறப்பரைக் கும்பிட. பந்தல் பக்கம் போனப்போ நாதஸ்வரம் வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. "ஏண்டா, இது நம்மூர் கல்யாணத்துல தாலி கட்டினதும் வாசிக்கிறதாச்சே"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தது ரெண்டு மணி நேரம் எந்திரிக்கலை. ராகம் பேரு தெரியாது. தெரியணுமா என்ன? டிக்கெட் இல்லாம யாரு வேணா உட்காரலாம்ங்கிற இடத்துல, பேரு சொல்லத் தெரியுமான்னு பரீட்சை வைக்க நீங்க யாரு?

அதுக்காக எங்க கோஷ்டியில எல்லாம் சரின்னு சொல்ல வரலை. ஒரே நாள்ல ஒன்பது நவக்கிரகக் கோயில், நடுவுல 'ஆராதனை 45 நிமிஷம்'னு நோட்டீஸ் அடிக்கிற டூர்க்காரங்க இருக்காங்க பாருங்க, அவங்க மேல எனக்கும் கோவம் உண்டு. அது பார்க்கிறதும் இல்லை, கேட்கிறதும் இல்லை, டிக் அடிக்கிறது. பந்தலுக்குள்ள செல்போன்ல பேசுறவன், காவிரிப் படியில பிளாஸ்டிக் தட்டை வீசிட்டு வேன்ல ஏறுறவன், இவங்களைத் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டுறேன். ஆனா அது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம். ஊர் பார்க்க வந்ததால வந்த வியாதி இல்லை. சபாவுல முன்வரிசையில உட்கார்ந்து தனி ஆவர்த்தனத்துக்குக் கேன்டீனுக்கு ஓடுறவங்க எந்த வேன்ல வந்தாங்களாம்? :-)

ஆக, கிளம்புங்க மக்கா. காதுக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள். எவனாவது பிக்னிக்கான்னு கேட்டா, ஆமா, தீட்சிதர் போன மாதிரி பிக்னிக்னு சொல்லுங்க. திட்டணும்னு தோணுறவங்க பின்னூட்டத்துல தாராளமாத் திட்டலாம், கும்மிக்கு நான் ரெடி.

டிஸ்கி: எங்க பக்கத்துலேர்ந்து போறவங்க கரூர் போய், குளித்தலை வழியா காவிரியை ஒட்டியே திருச்சி வாங்க. அங்கேர்ந்து கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு. அங்கேர்ந்து தஞ்சாவூர் 13 கிலோமீட்டர்தான், 1010ல ராஜராஜன் முடிச்ச கோயில் காத்துக்கிட்டு இருக்கு. இன்னும் அரை நாள் இருந்தா கும்பகோணம் தாண்டி நரசிங்கம்பேட்டை போங்க. ஆச்சா மரத்துல நாதஸ்வரம் கடையுற ஊர், 2022ல புவிசார் குறியீடு வாங்கிச்சு. கோடை லீவுதான் கிடைக்கும்னா மே மாசம் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூர் பாகவத மேளா. விடிய விடிய பாட்டும் கூத்தும்தான், தூங்கிட்டுப் போங்க.