சந்திரனின் சுருக்கங்களுக்கு வயது என்ன?

சந்திரன் செத்துப்போன உலகம் என்று கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. காற்றில்லை, மழையில்லை, எரிமலைகள் அணைந்து யுகங்களாயின என்று நாங்களே பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். காற்றும் மழையும் இல்லை என்பது சரி. ஆனால் செத்துவிட்டது என்பதை இனி எழுதமாட்டோம்.

1972 டிசம்பரில் அப்போலோ 17 விண்கலத்தில் சென்ற செர்னானும் ஷ்மிட்டும் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் ஒரு மேட்டின்மேல் தங்கள் வண்டியை ஓட்டினார்கள். லீ-லிங்கன் என்று அதற்குப் பெயர். உயரம் சுமார் 80 மீட்டர். சந்திரனின் உட்புறம் குளிர்ந்து சுருங்கும்போது மேலோடு பிளந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தின்மேல் ஏறி நிற்பதே இம்மேடு. 2009-ல் அனுப்பப்பட்ட ஆய்வுக்கலம் சந்திரனைச் சுற்றிவந்து எடுத்த படங்களில் இத்தகைய மேடுகள் ஆயிரக்கணக்கில் தெரிந்தன. பாட்டியின் முகத்தில் சுருக்கம் முதுமைக்கு அடையாளம். சந்திரனுக்கோ அது உயிர்த்துடிப்பின் அடையாளமாம்! வேடிக்கைதான்.

அதன் வயதை எப்படிக் கண்டார்கள்? சந்திரன்மேல் சிறு விண்கற்கள் ஓயாமல் விழுந்து மண்ணைக் கிளறுகின்றன. கவனிப்பாரற்ற குளம் தூர்ந்து போவதுபோல் அங்குள்ள சிறு குழிகள் மெல்லத் தூர்ந்துவிடும். பெருங்குழிகளே நெடுங்காலம் நிற்கும். ஒரு மேடு ஒரு சிறு குழியை வெட்டிக்கொண்டு சென்றால், மேடு குழிக்குப் பிந்தியது அன்றோ? குழியே இன்னும் தூரவில்லை என்றால் மேடு எவ்வளவு இளையதாயிருக்க வேண்டும்! மேடுகளின் அருகே ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழமேயுள்ள நீண்ட பள்ளங்களும் உண்டு. அவை 5 கோடி ஆண்டுகளுக்குமேல் தாங்கமாட்டா. 450 கோடி வயதுள்ள சந்திரனுக்கு 5 கோடி என்பது நேற்று மாலை.

"எல்லாம் உத்தேசக் கணக்குதானே!" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். உத்தேசம்தான், ஆனால் அவர்கள் நினைக்கும் வகையில் அல்ல. 5 கோடி என்பது மேல் எல்லை. உண்மை வயது அதற்குக் கீழே எதுவாகவும் இருக்கலாம், இந்த வருஷமாகக்கூட இருக்கலாம். அப்போலோ வீரர்கள் வைத்துவந்த நில அதிர்வுக் கருவிகள் 1969 முதல் 1977 வரை ஆழமற்ற நடுக்கங்கள் 28-ஐப் பதிவு செய்தன. அவற்றில் 8 நடுக்கங்கள் இத்தகைய மேடுகளுக்கு 30 கிலோமீட்டருக்குள் நேர்ந்தவை என்று 2019-ல் கணக்கிட்டார்கள்.

எங்களுக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த அந்தக் கருவிகளைச் செலவு மிச்சம் பிடிப்பதற்காக 1977 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள்! தொடர்ந்து கேட்டிருந்தால், எந்த மேடு இன்னும் அசைகிறது என்று இன்று குழிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாமே. 2023 ஆகஸ்டில் இறங்கிய நம் சந்திரயான் 3-லும் அதிர்வுக் கருவி இருந்தது. அது சில நாட்களே கேட்டது.

சந்திரனின் தென்துருவத்தில் மனிதர் தங்குவதற்கு இப்போது திட்டம் போடுகிறார்கள். அங்கும் இம்மேடுகள் இருக்கின்றன. வீடு கட்டுமுன் நம்மூரில் மண்ணைத் தோண்டிப் பார்ப்பதில்லையா? கொடி நடுவதற்கு முன்னால் அங்கே அதிர்வுக் கருவிகளை நட்டு, சில வருஷங்களாவது பொறுமையாகக் கேட்கட்டும்.