பங்கும் பகையும்

கடந்த மாதம் கேர்ணிங் நகரில் வசிக்கும் என் தங்கையின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பதினாறு வயது மருமகன் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு உணவுக்கும் வர மறுத்தான். திங்கட்கிழமை பாடசாலைக்குப் போகமாட்டேன் என்றும் கூறினான். யாரேனும் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ என்றே முதலில் அஞ்சினேன். காரணம் அதுவன்று. ஓர் இரும்புக் கவசம்! அதுவும் கணனித் திரையில் மட்டுமே உள்ள கவசம்.

'வேர்ல்ட் ஒவ் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டு 2004இல் அமெரிக்காவிலும் 2005 பெப்ரவரியில் ஐரோப்பாவிலும் வெளிவந்தது. ஐவர் சேர்ந்து குகையொன்றினுள் புகுந்து அரக்கனை வீழ்த்துவர். பெரிய போர்களுக்குத் தொடக்கத்தில் நாற்பது பேர் வரை வேண்டியிருந்தது. அரக்கன் விழுந்ததும் கிடைக்கும் பொருட்களோ இரண்டு, மூன்று. உழைத்தவர் பலர், பொருள் சில. இங்கேதான் வழக்குத் தொடங்குகிறது.

திரையில் 'தேவை', 'ஆசை' என இரு பொத்தான்கள் தோன்றும். தேவை என்று அழுத்தியோருக்குள் ஒன்று முதல் நூறு வரை எண் விழும். கூடிய எண் பெற்றவருக்கே பொருள். எவரும் தேவை என்னாவிடின் ஆசைப்பட்டோருக்குள் குலுக்கல். நம்மவரின் குலுக்குச் சீட்டேதான் இது! தனக்கு உதவாததைத் தேவை என்று அழுத்தித் தட்டிச் செல்பவனுக்கு 'நிஞ்சா' என்று பட்டம் சூட்டுவர். மருமகன் மந்திரவாதி வேடத்தில் ஆடுபவன். இரும்புக் கவசத்தை அவனால் அணியவே இயலாது. ஆயினும் தேவை என்று அழுத்தினான், வென்றான். போர்வீரனாக ஆடியவன் அவனுடைய வகுப்புத் தோழன். அன்றிரவே குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"மாமா, அதை விற்றுக் குதிரை வாங்க நினைத்தேன். அதுவும் தேவைதானே?" என்றான். எனக்கு உடனே விடை வரவில்லை. விற்கக்கூடிய பொருளாயின் எல்லோரும் தேவை என்றே அழுத்தலாம் என்பது சில குழுக்களின் வழக்கமாம். இவர்களோ குகைக்குள் நுழையுமுன் எதையும் பேசி முடிவு செய்திருக்கவில்லை.

இதற்குப் பலவிதத் தீர்வுகளைக் கண்டிருக்கிறார்கள். 1999இல் 'எவர்குவெஸ்ட்' என்ற விளையாட்டில், போருக்கு வந்தவருக்குப் புள்ளி வழங்கி, அப்புள்ளியைச் செலவிட்டே பொருள் பெறும் முறை தோன்றியது. தலைவரே பங்கிடும் முறையும் இருந்தது. உறவினருக்கும் நண்பருக்கும் கொடுக்கிறார் என்ற முறைப்பாடு ஓயவில்லை. (நமது சங்கங்களை நினைத்து நான் சிரித்ததை மருமகன் கவனிக்கவில்லை.) வார்கிராஃப்ட் நிறுவனம் 2018இல் அம்முறையை நீக்கி, அவரவருக்குத் தனித்தனியே பொருள் விழச் செய்தது. கூடிப் பெறும் சுவை போயிற்று என்று ஆட்டக்காரர் குறைப்பட்டனர். 2022இல் பெரும் போர்களுக்குக் குழுக் குலுக்கல் மீண்டது. இன்னொரு முறையில் பொருளை ஏலம் விட்டு, சேர்ந்த பொன்னை எல்லோரும் சமமாகப் பிரிப்பர். மெய்ப்பணம் கொடுத்துக் கள்ளப் பொன் வாங்குவோர் அதிற் பெருகியதால், 2024இல் விளையாட்டின் ஒரு பதிப்பில் அது தடைசெய்யப்பட்டது.

ஏலத்தின் சுவையை நாம் அறியாதவர்களா? அகதிகளாக வந்த புதிதில் பன்னிருவர் சேர்ந்து மாதம் 500 குறோணர் வீதம் கழிவுச் சீட்டுப் பிடித்தோம். கொழும்பில் நின்ற தம்பியை அழைப்பிக்க ஒருவருக்கு அவசரம். ஆறாயிரத்தை 4500க்கு எடுத்தார். எஞ்சிய 1500ஐ நாங்கள் பன்னிருவரும் பிரித்துக்கொண்டோம். என் பங்கு 125 குறோணர். அந்தப் பணத்தில் குளிருக்குக் கையுறை வாங்கினேன். விதிப்படி எல்லாம் சரிதான். ஆயினும் அவரை எதிரே கண்டால் அந்தக் கையுறைகளைச் சட்டைப்பையில் மறைத்துக்கொள்வேன்.

ஊரில் பங்கு இறைச்சி போடும்போது ஓலையிற் கூறு வைத்தவர், மற்றவர்கள் எடுத்தபின் மிஞ்சிய கூறையே தாம் எடுப்பார். ஆதலால் கூறுகள் ஒருபோதும் பிழைத்ததில்லை. இதை மருமகனுக்குச் சொன்னேன். அவன் எதுவும் பேசாமல் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

விளையாட்டினுள்ளேயே ஓர் அஞ்சற்பெட்டி உண்டாம். கவசத்தை அந்தத் தோழனுக்கு அதில் அனுப்பிவிட்டதாகத் திங்கள் மாலை தங்கை தொலைபேசியில் தெரிவித்தாள். பாடசாலைக்கும் போயிருக்கிறான். குழுவில் இன்னும் சேர்க்கவில்லை. மதிய உணவுக்கு மட்டும் ஒரே மேசையில் இடம் கொடுத்தார்களாம்.