வீட்டுக்கல்வியும் விடுபட்ட அத்தியாயமும்

மூன்று மாதங்களுக்கு முன் என் ராத்தா, தம் இரு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே அறிவியல் கற்பிக்கப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்துத் தருமாறு என்னிடம் கேட்டார். மூத்தவளுக்கு 12 வயது, இளையவனுக்கு 9. இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து பத்தாண்டுகளான குடும்பம். பள்ளியிலிருந்து பிள்ளைகளை விலக்கியதற்குக் காரணம் உண்டு. வகுப்பறையில் ஆசிரியர் ஒருவரே மகளைப் பார்த்துக் கூறிய சொல்லை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

இதைப் பல்கலைக்கழக நண்பர்களிடம் சொன்னபோது, முற்போக்காளர் எனப் பெயர்பெற்ற ஒருவர், "அப்படியானால் மதரஸாவா?" என்றார். மென்பொருள் நிறுவன ஊழியர் ஒருவர் தம் பிள்ளைக்கு வீட்டுக்கல்வி அளித்தால் அது துணிவான கல்விச் சோதனை. முஸ்லிம் குடும்பம் அளித்தால் அது பின்வாங்கல். இந்த இரட்டை அளவுகோலை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். ஆனால் என் வழக்கு அந்த நண்பருடன் மட்டுமன்று. என் சொந்த வீட்டாருடனும்தான்.

ராத்தா விரும்பியது, வீட்டுக்கல்வியாளர்கள் 'எக்லெக்டிக்' என்று வழங்கும் முறை. ஒரே பதிப்பகத்தின் நூல்வரிசையைப் பற்றிக்கொள்ளாமல், நல்லது எங்கே கிடைத்தாலும் எடுத்துத் தொகுப்பது. நல்ல முறைதான். ஆனால் தொகுப்பவருக்கு அளவுகோல் ஒன்று வேண்டும். அது இல்லாவிடில் தேர்வு என்பது, பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததை ஒதுக்கும் வேலையாகச் சுருங்கிவிடும். வாட்ஸப் குழுக்கள் வழியே ராத்தாவுக்கு வந்துசேர்ந்த பரிந்துரைகளைப் பார்த்தபோது இதுவே நடந்திருந்தது.

முதலாவது, அமெரிக்காவிலிருந்து வரும் வீட்டுக்கல்வி அறிவியல் நூல்கள். அழகிய அச்சு, தெளிவான படங்கள். ஆனால் இவற்றுள் சில, பூமியின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளாகச் சுருக்கும் கிறித்தவப் படைப்புவாதப் பதிப்பகங்களின் வெளியீடுகள். அந்தக் கணக்கு விவிலிய வமிசாவளிகளைக் கூட்டிப் பெற்றது. குர்ஆனில் அப்படியொரு கணக்கே இல்லை. பிற சமயத்தார் ஒரு பிரிவினரின் உட்பூசலைக் காசு கொடுத்து வாங்கி, நம் மார்க்கத்தின் நிலைப்பாடு என்று பிள்ளைக்கு ஊட்டுவது என்ன விவேகம்?

இரண்டாவது, 'மறையில் அறிவியல்' வகை நூல்கள். பிரபஞ்சம் விரிவடைகிறது என்பது வேதத்தில் முன்பே சொல்லப்பட்டுவிட்டதாம். 1929இல் ஹபிள் தம் அளவீடுகளை வெளியிடும்வரை அந்த வசனத்தில் அந்தப் பொருளைக் கண்டெடுத்து வானியல் முடிவாக அறிவித்தவர் யார்? தொலைநோக்கி கண்டுபிடித்தபின் உரையாசிரியர் கண்டுபிடிப்பதற்குப் பெயர் அறிவியல் அன்று. இதனால் மார்க்கத்துக்கும் நன்மை இல்லை. அறிவியல் தன் முடிவை நாளை திருத்திக்கொள்ளும்; அதன் இயல்பே அது. அப்போது பிள்ளையின் நம்பிக்கையையும் திருத்தச் சொல்வோமா? இவ்வகையில் புகழ்பெற்ற துருக்கி வெளியீடான 'படைப்பின் நிலப்படநூல்', மீன்பிடிப் போலித்தூண்டிலின் படத்தை உயிருள்ள பூச்சி என்று அச்சிட்டிருந்தது. சரிபார்க்கும் பழக்கம் இல்லாத இடத்தில் எது பூச்சி, எது தூண்டில் என்பதுகூடத் தெரியாமல் போகும்.

மூன்றாவது, பொற்காலச் சுவரொட்டி. இப்னு அல்-ஹைதம், அல்-பிரூனி, இப்னு சீனா எனத் தலைப்பாகை அணிந்த முகங்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றின் 'தந்தை'. மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "இவர் என்ன செய்தார், மாமா?" என்று கேட்டாள். சுவரொட்டியில் அதற்கு விடை இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் அல்-ஜாஹிழ் டார்வினை முந்திவிட்டார் என்றும் ஒரு வரி இருந்தது. அது பெருமையுமன்று, வரலாறுமன்று. வெறும் கால வழு.

அவர் என்ன செய்தார் என்பதற்கு நாங்கள் சுவரொட்டியைக் கழற்றிவிட்டு விடை தேடினோம். அறையை இருட்டாக்கி, அட்டையில் ஒரு துளையிட்டு, வெளியே மூன்று விளக்குகளை வரிசையாக வைத்தோம். உள்சுவரில் மூன்று ஒளிப்புள்ளிகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது. ஒரே துளையில் சந்திக்கும் கதிர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு அல்-ஹைதம் செய்துகாட்டிய சோதனை இது. அவரே தாலமியின் வானியலில் கண்ட முரண்களைத் தொகுத்து, ஐயங்கள் என்ற தலைப்பிலேயே நூல் எழுதியவர். 13ஆம் நூற்றாண்டின் இப்னு அல்-நஃபீஸ், இப்னு சீனாவின் நூலுக்கு உரை எழுதும்போதே அவரை மறுத்து, இதயத்தின் நடுச்சுவரில் குருதி கடக்கும் துளைகள் இல்லை, அது நுரையீரல் வழியாகவே செல்கிறது என்றார். நாம் இவர்களின் பெயர்களைச் சுமக்கிறோம். இவர்கள் சுமந்த ஐயத்தைத் தெருவில் விட்டுவிட்டோம்.

ஆகவே நான் வைத்த அளவுகோல் ஒன்றே: இப்பாடம் தவறாக இருந்தால், அது தவறு என்று தெரியவர வழி உண்டா? உண்டு எனில் உள்ளே வரட்டும், யார் எழுதியதாயினும். ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் தொடக்கநிலை நூல்கள், ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பிறந்த 'பால் வைஞானிக்' பயிற்சி நூல்கள், அரவிந்த் குப்தாவின் குப்பைப் பொருள் பொம்மைகள் ஆகியவை இப்படி உள்ளே வந்தன.

எங்கள் வீட்டின் அன்றாடமும் உள்ளே வந்தது. ஊரில் ஷாஃபி முறைப்படி அஸர் தொழுத குடும்பம் இது. இங்கே தெருப் பள்ளிவாசலில் ஹனஃபி முறை, பாங்கு பிந்தி ஒலிக்கிறது. ஏன் என்று இளையவன் கேட்டான். மொட்டைமாடியில் ஒரு மீட்டர் கோலை நட்டோம். நண்பகல் நிழலுக்கு மேல் ஒரு கோலளவு நிழல் நீண்டால் ஒரு முறை, இரு கோலளவு நீண்டால் மற்றொன்று. இரண்டு வாரம் அளந்து வரைபடம் வரைந்தான். மே 28ஐ ஒட்டி, இந்திய நேரப்படி பிற்பகல் 2.48 மணியளவில் சூரியன் மக்காவின் உச்சியில் நிற்கும். அந்நொடியில் நிழலுக்கு எதிர்த்திசையே கிப்லா. கைப்பேசிச் செயலி சொன்னதை அவன் கோலால் சரிபார்ப்பான். மார்க்கத்தை மெய்ப்பிக்க அறிவியலை அழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழுகை நேரம் ஒரு கேள்வியைத் தந்தது, கோல் விடை தந்தது. அவ்வளவே.

இனி உண்மையான சண்டை. "தம்பி, எல்லாத்தையும் வை. அந்தக் குரங்குப் பாடம் மட்டும் வேண்டாம்" என்றார் ராத்தா. மச்சான் தலையசைத்தார்.

நான் அவர்களுக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். 2023இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமத்தை நீக்கியது. 'மரபும் பரிணாமமும்' என்ற அத்தியாயம் 'மரபு' என்று குறுகியது. மேல்நிலையில் உயிரியலைத் தேர்ந்தெடுக்காத மாணவர், உயிர் எப்படிப் பல்கியது என்பதைப் படிக்காமலேயே பள்ளியைக் கடக்கலாம். 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் எதிர்த்துக் கடிதம் எழுதினர். 2017இல் துருக்கி அரசும் உயர்நிலைப் பாடத்திட்டத்தில் இதையே செய்தது. பெயரிலும் கொடியிலும் வேறுபட்ட இரு அரசுகள் கிழித்தது ஒரே பக்கத்தை. நம் மகளை அவமதித்த அமைப்பிலிருந்து வெளியேறிய நாம், அவ்வமைப்பு கிழித்த பக்கத்தை வீட்டிலும் கிழித்தால், வெளியேறியது எதற்கு?

பரிணாமத்தைப் படிப்பவர் மார்க்கத்தைத் துறக்க வேண்டியதில்லை. ஜோர்டானின் ஹாஷிமியப் பல்கலைக்கழகத்தில் ஹிஜாப் அணிந்த மூலக்கூற்று உயிரியலாளர் ரனா தஜானி முஸ்லிம் மாணவர்க்குப் பரிணாமம் கற்பிக்கிறார். ஏன் கற்பிக்கிறேன் என்று 'நேச்சர்' இதழில் எழுதியும் இருக்கிறார். ஆதம் பற்றிய கேள்வியில் முஸ்லிம் அறிஞரிடையே பல நிலைப்பாடுகள் உள்ளன. அவற்றை மகள் வளர்ந்தபின் தானே எடைபோடட்டும். எடைபோடச் சான்று அவள் கையில் இருக்க வேண்டும்.

தொடக்கம் தூக்கணாங்குருவி என்று முடிவாயிற்று. 1930களின் தொடக்கத்தில் ஐதராபாத் சமஸ்தானத்தின் பறவைகளைக் கள ஆய்வு செய்த சாலிம் அலி, அதற்குச் சற்றுமுன் கொங்கணக் கடற்கரையில் இக்குருவிகளைப் பொறுமையாகக் கவனித்தவர். ஆண் பாதிக் கூடு கட்டும். பெண் வந்து சோதித்து ஏற்கும் அல்லது விலகும். ஏற்றபின் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கும். யார் தேர்ந்தெடுக்கிறார், அத்தேர்வு தலைமுறைகளில் என்ன செய்யும் என்ற கேள்வியிலிருந்து பாடம் விரியும். "முதலில் நான் படிக்கிறேன்" என்று நூலை வாங்கிக்கொண்டார் ராத்தா. எனக்கு அது போதும். படிக்காமல் நீக்கியவர்களை விட அவர் நேர்மையானவர்.

கடைசியாக, இதைப் படிக்கும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும். அறிவியல் மனப்பான்மையை அடிப்படைக் கடமையாக்கும் 51ஏ(எச்) பிரிவை நாம் கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டுகிறோம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக என் மருமகள் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிவிடுவாள். ஆனால் அவளிடம் நுண்ணோக்கி இல்லை; நம் துறைகளில் சனிக்கிழமைகளில் அவை உறையிட்டுக் கிடக்கின்றன. 'மதரஸாவா?' என்று கேட்ட நண்பரின் ஆய்வகத்திலும் நான்கு இருக்கின்றன. வரும் சனிக்கிழமை அவளை அழைத்துவரலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.