புகையிலை விடுதலைக்கு மருந்து எங்கே?

புகையிலையை விட்டொழிக்க விரும்பும் ஏழைக்குச் சர்க்கார் என்ன உதவி செய்கின்றனர் என்ற கேள்வியைக் கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் பூமியிலிருந்து இன்று எழுப்ப விரும்புகிறோம்.

கம்பும் பருத்தியும் மிளகாயும் வானத்தை நம்பி விளையும் சீமை இது. ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்தால் வருஷம் முழுவதும் வாட்டம்தான். காட்டு வேலை இல்லாத மாதங்களில் தீப்பெட்டித் தொழிலே பல வீடுகளில் அடுப்பெரியச் செய்கிறது. இத்தகைய பூமியில் பீடியை உல்லாசப் பொருள் என்று எவரும் சொல்ல முடியாது. பசியை மறக்கவும், உறக்கத்தை விரட்டவும், கூலிக்குக் காத்திருக்கும் பொழுதைப் போக்கவும் ஏழை கைக்கொண்ட துணை அது. தீப்பெட்டி ஆலைக்குள் புகைக்க இடமில்லை; அங்கே வாயில் அடக்கும் புகையிலை அந்த ஸ்தானத்தை வகிக்கிறது. துணையாக வந்த பொருள் நாளடைவில் எஜமானனாகிவிடுகிறது.

இந்த வழக்கம் தானாகவே தேய்ந்து மறைந்துவிடும் என்று நம்புவோர் கணக்கைப் பார்க்க வேண்டும். 2009-10-இலும் 2016-17-இலும் மத்திய சர்க்கார் நடத்திய புகையிலைக் கணக்கெடுப்புகளின்படி, தேசம் முழுவதிலும் வயது வந்தோரில் புகையிலை உபயோகிப்போர் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 சதவீதமாகக் குறைந்தனர். அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2 சதவீதம் 20 சதவீதமாக உயர்ந்தது. தேசம் இறங்கிய படியில் நாம் ஏறியிருக்கிறோம். இத்தனைக்கும் இவர்கள் விட விரும்பாதவர்கள் அல்லர். இரண்டாவது கணக்கெடுப்பில் தேசமெங்கும் புகைப்போரில் 55 சதவீதத்தினர் விட்டுவிடும் எண்ணம் தமக்கு உண்டு என்றே கூறினர்.

எண்ணம் இருந்தும் ஏன் முடியவில்லை? மனத்திடம் போதவில்லை என்று உபதேசம் செய்வது சுலபம். ஆனால் நிகோடின் என்ற வஸ்து மனத்திடத்தோடு மட்டும் மல்லுக்கு நிற்பதில்லை. இழுத்த புகையிலுள்ள நிகோடின் ஏறக்குறைய 10 விநாடியில் மூளையை எட்டுகிறது. சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. இரவு தூங்கி எழுந்தவனுடைய உடல் அதற்காக ஏங்கித் தவிக்கிறது. எனவேதான் பல் துலக்குமுன் பீடியைத் தேடுகிறான். நிறுத்தினால் எரிச்சல், தலைவலி, உறக்கமின்மை, பதற்றம் யாவும் வருகின்றன. முதல் மூன்று நாட்களில் இவை உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிகின்றன. உதவி எதுவுமின்றி விட முயல்பவர் நூறு பேரில் சுமார் ஐந்து பேரே ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கின்றனர். மற்றவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிப்பது எந்த நீதி?

இந்நோய்க்கு மருந்து உண்டு. நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை ஆகியவை புகையின் விஷங்களை விலக்கி, நிகோடினை மட்டும் சிறு அளவில் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து ஏக்கத்தைத் தணிக்கின்றன. நிகோடினுக்கு நிகோடினே மருந்தா என்று சிலர் நகைக்கலாம். அடிமைப்படுத்துவது நிகோடின், புற்றுநோயும் மார்பு நோயும் தருவன பெரும்பாலும் புகையிலும் புகையிலையிலும் உள்ள மற்ற விஷங்கள். சூயிங்கத்தை மிட்டாய்போல் மென்று விழுங்கலாகாது. மெல்ல மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி, மறுபடி மெல்ல வேண்டும். காப்பி, தேநீர் குடித்த உடனே போட்டால் பயன் குறையும். இம்முறையைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத காரணத்தாலேயே பலர் 'இது உதவாது' என்று எறிந்துவிடக் கூடும். இவையன்றி வாரெனிக்லின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. அவற்றை டாக்டரின் யோசனையின் பேரிலேயே உட்கொள்ள வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்க்குப் புப்ரோபியான் ஆகாது. நிகோடின் மருந்துகள் வெற்றிக்குள்ள வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்காக்குகின்றன. வாரெனிக்லின் இரு மடங்குக்கு மேலும் உயர்த்துகிறது. மருந்தோடு ஆலோசனையும் சேர வேண்டும் என்று 2024 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனம் தன் முதல் சிகிச்சை நெறியில் அறிவித்தது.

இவ்வுண்மைகளைச் சர்க்கார் அறியாதவர்கள் அல்லர். 2022-இல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிகோடின் மாற்று மருந்தைச் சேர்த்தனர். 2016-இல் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தொலைபேசி ஆலோசனையை ஏற்படுத்தினர். 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொட்டலங்களின்மீது இந்த எண்ணை அச்சிடவும் விதித்தனர். இவற்றைப் பாராட்டுகிறோம். ஆனால் பட்டியலில் இருக்கும் மருந்து விளாத்திகுளத்துக்கும் எட்டயபுரத்துக்கும் அப்பாலுள்ள கிராமத்தானின் கைக்கு வந்து சேர்ந்தால்தான் அது மருந்து. ஒரு நாளைக்கு வேண்டிய சூயிங்கத்தின் கடைவிலை ஒரு கட்டு பீடியின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். நஞ்சு மலிவு, மருந்து கிராக்கி என்றால் ஏழை எதை வாங்குவான்?

இந்நிலையில் 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பீடியின் வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கத் தீர்மானித்தது. திருநெல்வேலி, தென்காசி ஜில்லாக்களில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களின் ஜீவனத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அவர்களுக்குக் கூலி உயர்வும் மாற்றுத் தொழிலும் அவசியம். ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லி நஞ்சுக்குச் சலுகை காட்டுகிறவர்கள், நஞ்சை விட விரும்புகிறவனுக்கும் ஏதேனும் சலுகை காட்ட வேண்டாமா?

புகைப்பது குறைந்தால் கோவில்பட்டித் தீப்பெட்டிக்கு என்ன கதி என்று நம்மிடமே கேட்கக்கூடும். தீக்குச்சி விளக்குக்கும் அடுப்புக்கும் பூஜைக்கும் வேண்டியதே. சமீப காலத்தில் அத்தொழிலை வாட்டியது மலிவான அந்நிய லைட்டர் அல்லவா? 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய சர்க்கார் தடை செய்ததும் அதனால்தான். தொழிலைக் காக்க ஜனங்களின் நுரையீரலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

நம் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, எந்தெந்த ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிகோடின் மாற்று மருந்து இருப்பில் உள்ளது என்பதை ஜில்லாவாரியாகச் சர்க்கார் வெளியிட்டு, இல்லாத இடங்களில் இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். இரண்டாவது, சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மருந்து கொடுப்பதற்காக 2021 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் தொடங்கிய திட்டத்தின் முறையிலேயே, புகையிலை விட விரும்புவோரையும் வீட்டிலேயே கண்டு மருந்தும் ஆலோசனையும் அளிக்க வேண்டும். காட்டு வேலையையும் ஆலை வேலையையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருபவன் ஒரு நாள் கூலியை இழக்கிறான் என்பதை மறக்கலாகாது. மூன்றாவது, வாயில் அடக்கும் புகையிலைக்கும் இதே சிகிச்சை உண்டு என்பதைத் தீப்பெட்டி ஆலைகளில் அறிவிக்க வேண்டும்.

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. ஊர்தோறும் பொதுவேலை செய்யும் நண்பர்கள், விட முயலும் ஒருவனையேனும் தேர்ந்துகொண்டு முதல் மூன்று வாரங்கள் அவனோடு நிற்கட்டும். தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுக்கட்டும். டாக்டரிடம் அழைத்துச் செல்லட்டும். ஏக்கம் வரும் வேளையில் ஒரு துண்டு கடலை மிட்டாயும் இரண்டு நல்ல வார்த்தையும் கொடுக்கட்டும். அவன் மீண்டும் வழுக்கினால் ஏசாமல், மறுமுறை முயலச் சொல்லட்டும். பலமுறை தோற்ற பின்னரே வென்றவர்கள் அநேகர். முள்ளுக்காட்டில் சிக்கியவனைக் கரையில் நின்று கண்டிப்பவன் தொண்டனாகான். கைகொடுத்து இழுத்து வெளியே விடுபவனே தொண்டன்.