மீந்த சோலார் பேனலை கீசருக்கு நேரடியா கொடுக்காதீங்க

கொஞ்சம் நீளமான இழை. மாடியில பழைய சோலார் பேனல் சும்மா கிடக்குற வீட்டுக்காரங்க முழுசா படிச்சிடுங்க.

பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்த பிறகு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்குதுன்னு நிறைய வீடுகளில் புது பேனல் போட்டிருக்காங்க. நல்ல விஷயம். ஏற்கனவே இருந்த 250 வாட், 330 வாட் பேனல்களைக் கழட்டி ஓரமா சாய்ச்சு வெச்சிருக்காங்க.

இவங்களைக் குறிவெச்சு இப்ப ஒரு யோசனை வீடியோ வீடியோவா சுத்துது. "இன்வெர்ட்டர் வேணாம், பேட்டரி வேணாம். அஞ்சாறு பேனலை சீரிஸ்ல சேர்த்து வயரை நேரா கீசர்ல கொடுங்க. ஆயுசுக்கும் வெந்நீர் ஃப்ரீ."

"டாக்டர், உங்களுக்கு எதுக்கு வயரிங் வேலை?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். வயரிங் போட்டவர் காசு வாங்கிட்டுப் போயிடுவார். வீடியோ போட்டவர் அடுத்த வீடியோவுக்குப் போயிடுவார். வெந்த தோலோட ஆள் வந்து சேர்றது அரசு மருத்துவமனை கேஷுவால்ட்டிக்கு. அதனாலதான் பேசுறேன்.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். அந்த வீடியோக்களில் சொல்ற மின்சாரக் கணக்கு தப்பு இல்லை. 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேத்த சுமார் 3.5 யூனிட் போதும். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நல்ல நாளில் 4 யூனிட் வரைக்கும் கொடுக்கும். 330 வாட் பேனல் ஆறை சீரிஸ்ல போட்டா ஏறக்குறைய 220 வோல்ட், 9 ஆம்பியர். வீட்டு 2 கிலோவாட் கீசர் காயிலுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்தும். தண்ணி சுடும், சந்தேகமே இல்லை.

சுடும். நிக்குமா? அதுதான் கேள்வி.

கீசருக்குள்ள தெர்மோஸ்டாட் இருக்கு. தண்ணி சூடானதும் ரெண்டு உலோக முனைகள் பிரியும், கரண்ட் நிக்கும். முனைகள் பிரியும்போது நடுவில் ஒரு பொறி கிளம்பும். ஈபி கரண்ட் ஏசி. விநாடிக்கு 100 முறை அது பூஜ்ஜியத்தைத் தொட்டுட்டுப் போகும். அதனால பொறி தானா அணைஞ்சிடும். பேனலில் இருந்து வர்றது டிசி. அது பூஜ்ஜியத்துக்கு வரவே வராது. முனைகள் பிரிஞ்சாலும் பொறி விடாம எரியும். ஒண்ணு, முனை ரெண்டும் உருகி ஒட்டிக்கும். இல்லைன்னா சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் பத்தும். கூடவே இருக்கிற பாதுகாப்பு கட்அவுட்டும் ஏசிக்குச் செஞ்சதுதான். அதுக்கும் இதே கதி.

உங்க கீசர் தெர்மோஸ்டாட்டில் என்ன அச்சடிச்சிருக்குன்னு எலக்ட்ரீஷியனைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. 250 வோல்ட்டுக்குப் பக்கத்தில் பாம்பு மாதிரி ஒரு சின்ன அலைக்கோடு இருக்கும். ஏசிக்கு மட்டும்னு அர்த்தம். "தெர்மோஸ்டாட் உள்ளயே இருக்கு சார், பயப்படாதீங்க"ன்னு சொல்றவர்கிட்ட கேளுங்க: "இது எத்தனை வோல்ட் டிசி தாங்கும்னு எங்க எழுதியிருக்கு?" அவர் மழுப்பினா வீட்டுக்கு அனுப்பிடுங்க.

"எங்க வீட்ல ஒரு வருஷமா ஓடுது டாக்டர், ஒண்ணும் ஆகலையே?"

இந்தக் கமெண்ட் கண்டிப்பா வரும். ஏன் ஆகலைன்னு யோசிச்சீங்களா? தினமும் நாலு பேர் குளிக்கிறீங்க, பாத்திரம் கழுவுறீங்க. தண்ணி முழுச் சூட்டை எட்டுறதுக்குள்ள தீர்ந்துடுது. தெர்மோஸ்டாட்டுக்கு வேலையே வரலை. அப்புறம் சித்திரை மாசம், குடும்பத்தோட ஊர்த் திருவிழாவுக்குப் போறீங்க. மூணு நாள் யாரும் குழாயைத் திறக்கலை. உச்சி வெயில். தெர்மோஸ்டாட் உண்மையிலேயே கரண்டை வெட்ட வேண்டிய நாள் அதுதான். ஒரு வருஷமா ஓடினதால அது பாதுகாப்புன்னு நினைக்கிறீங்க. பரீட்சையே இன்னும் நடக்கலை.

மூடின டேங்க்கில் தண்ணி 100 டிகிரியைத் தாண்டினா கடைசிக் காவல் சேஃப்டி வால்வு ஒண்ணுதான். போர்வெல் உப்புத் தண்ணி ஊர்களில் அந்த வால்வு எந்த நிலையில் இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பிளாஸ்டிக் டிரம்மில் ராடு போடுறவங்களுக்கு அந்த வால்வும் கிடையாது. தண்ணி வத்தினா ராடு டிரம்மை உருக்கும்.

"எம்சிபி போட்டிருக்கேனே?"

சாதாரண எம்சிபியும் ஏசி பொறியை அணைக்கச் செஞ்சதுதான். இன்னொரு சிக்கலும் இருக்கு. ஓடும்போது 9 ஆம்பியர் கொடுக்குற பேனல், ஷார்ட் ஆனாலும் ஒன்பதரை ஆம்பியர் பக்கம்தான் கொடுக்கும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு ஷார்ட் ஆனதே தெரியாது. வீட்டு ஈஎல்சிபியும் உதவாது. இந்தக் கரண்ட் அது வழியா வர்றதே இல்லை.

"டிசி ஷாக் அடிக்காது."

இதைச் சொன்னவரைத்தான் முதல்ல நிறுத்தணும். இதயத் துடிப்பைத் தாறுமாறாக்க ஏசியைவிட டிசி அதிகமா வேணும்கிறது உண்மை. ஆனா எவ்வளவு வேணும், எவ்வளவு வருதுன்னு பாருங்க. ஆறு பேனல் சீரிஸ்ல லோடு இல்லாதப்போ 270 வோல்ட்டைத் தாண்டும். குளிச்சு நனைஞ்ச உடம்பின் மின்தடை ஏறக்குறைய 1000 ஓம். வகுத்துப் பாருங்க, 270 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த இது தாராளம்.

இதைவிட முக்கியமான ஒண்ணு. யாருக்காவது ஷாக் அடிச்சா நாம என்ன செய்வோம்? ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணுவோம். பேனல் லைன் மெயின்ல இல்லை. வெயில் இருக்கிற வரைக்கும் அதில் கரண்ட் இருக்கும். மெயினை அணைச்ச தைரியத்தில் தொடப்போறவர் ரெண்டாவது ஆளா விழுவார்.

இப்ப வெந்நீர்க் காயம். 60 டிகிரி தண்ணி பட்டா பெரியவங்க தோலே சுமார் 5 விநாடியில் ஆழமா வெந்துடும். 70 டிகிரின்னா ஒரே விநாடி. குழந்தைத் தோல் மெல்லிசு, அதைவிட சீக்கிரம் வேகும். சர்க்கரை நோயில் கால் மரத்துப் போனவங்களுக்கு சுடுறதே தெரியாது. கட்டுப்பாடு இல்லாத கீசரில் 60 டிகிரியில் நிக்கும்னு யார் உத்தரவாதம் கொடுப்பாங்க?

வெயில் குறைஞ்சா வேற பிரச்சினை. நேரடி இணைப்பில் பாதி வெயிலுக்குப் பாதி கரண்ட், கால்வாசி சூடுதான். மழை நாளில் தண்ணி நாள் கணக்கா வெதுவெதுன்னு கிடக்கும். 20 முதல் 45 டிகிரி வரைக்கும் லெஜியோனெல்லாங்கிற பாக்டீரியாவுக்கு ரொம்பப் பிடிச்ச சூடு. ஷவர் சாரல் வழியா நுரையீரலுக்குப் போய் நிமோனியா கொடுக்கும். அதனாலதான் 60 டிகிரியில் சேமிச்சு, பச்சைத் தண்ணி கலந்து பயன்படுத்தச் சொல்றோம்.

அப்போ பழைய பேனலைத் தூக்கிப் போடணுமா? வேணாம்.

1. புது ஆன்கிரிட் இன்வெர்ட்டரில் தனி எம்பிபிடி நுழைவு காலியா இருந்தா, தகுதியான ஆளை வெச்சு அதில் சேருங்க. கீசர் வழக்கம்போல ஏசியில் ஓடட்டும். அதோட எல்லாப் பாதுகாப்பும் உயிரோட இருக்கும்.

2. டிசியில்தான் சுடவைக்கணும்னா மூணு பேனலை பேரலலா போட்டு 50 வோல்ட்டுக்குள்ள வெச்சுக்கோங்க. டிசிக்குன்னே செஞ்ச காயில், டிசி ஐசொலேட்டர், டிசி ஃபியூஸ், டிசியை வெட்டுற தரத்தில் கன்ட்ரோலர் வேணும். தெர்மோஸ்டாட் அந்தக் கன்ட்ரோலருக்கு சிக்னல் மட்டும் கொடுக்கணும். டேங்க் மாடியில், ஆவி வெளியேற வழியோட இருக்கணும். டிசி வயர் குளியலறைக்குள்ள வரவே கூடாது.

3. வெந்நீர் மட்டும்தான் தேவைன்னா டியூப் வெச்ச சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கு. வெயிலை நேரா சூடாக்குறதால இடமும் குறைவு, கரண்டும் கிடையாது.

எதுவும் நடக்கக் கூடாது. நடந்துட்டா:

வெந்நீர் பட்டா ஓடுற குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ், டூத்பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் வேணாம். கொப்புளத்தை உடைக்காதீங்க. சுத்தமான துணியால மூடி மருத்துவமனைக்கு வாங்க.

ஷாக் அடிச்சா மெயினையும் பேனல் ஐசொலேட்டரையும் ரெண்டையும் அணைச்சிட்டுத்தான் தொடணும். 108-ஐக் கூப்பிடுங்க. எழுந்து உட்கார்ந்துட்டாலும் ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடணும்.

2 கிலோவாட் கீசர் ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட். அதுக்கு என்ன பில் வரும்னு உங்களுக்கே தெரியும். அந்தக் காசை மிச்சம் பிடிக்கிறது தப்பே இல்லை. ஆனா அதை மிச்சம் பிடிக்க, கீசரில் இருக்கிற ஒவ்வொரு பாதுகாப்பையும் செல்லாக்காசு ஆக்கிட்டு, அதை "இலவசம்"னு விக்கிறவங்களை நம்பாதீங்க.

ஏற்கனவே நேரடியா இணைச்சிருக்கிறவங்க, சூரியன் இறங்கினதும் இன்னைக்கே கழட்டிடுங்க. பக்கத்து வீட்டு மாடியில் இப்படி இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க.